பெயர் பழையது, பொருள் புதியது

நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய நிரலொன்று, தளத்தின் பதிப்பு மாறிய மறுநாள் தடுமாறினால், பழி பெரும்பாலும் அதை எழுதியவர் மீதே விழுகிறது. அவர் ஓர் எழுத்தையும் மாற்றியிருக்கமாட்டார். அவர் கையாண்ட சொல்லின் பொருளைத்தான் வேறெவரோ மாற்றியிருப்பார்கள்.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, 'நிறுத்து' என்பது போல இயங்குதளம் அனுப்பும் சிறு அறிவிப்பே சமிக்ஞை எனப்படுகிறது. 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், சமிக்ஞையைக் கையாளும் ஏற்பாடு ஒருமுறை செயற்பட்டதும் கலைந்துவிடும். 1983இன் பெர்க்லி யுனிக்ஸ் 4.2 அதை நிலைத்திருக்கச் செய்தது. சிஸ்டம் ஃபைவ் பழைய வழக்கிலேயே நின்றது. இரண்டிலும் கட்டளையின் பெயர் 'சிக்னல்'தான்! 1988இன் பொசிக்ஸ் தரம் 'சிக்அக்ஷன்' என்ற புதுப்பெயரைத் தந்த பின்னரே, வேண்டிய நடத்தையைக் கேட்டுப் பெறப் பொதுவழி பிறந்தது.

பாடம் படிக்கப்பட்டதா? பைத்தன் 3.4இல் 'ஸ்லீப்' கட்டளையால் 60 விநாடி உறங்கும் நிரல், சமிக்ஞை வந்ததும் விழித்துக்கொள்ளும். 2015இல் வந்த 3.5இலோ, 'நிறுத்தவேண்டும்' என்று குறித்துவைத்துவிட்டு, மிச்ச நேரத்தையும் உறங்கித் தீர்க்கும். டொக்கர் வழமையாகப் 10 விநாடியே பொறுத்திருந்து, பின்னர் கொன்றுவிடும். கோப்புகளை மூடி, கணக்கை முடித்து விடைபெற்றுவந்த நிரல், இப்போது அவகாசமின்றி மடிகிறது. பிழைச்செய்திகூட இல்லை.

மாற்றம் தவறென்று கூறமாட்டேன். இடையில் அறுந்த அழைப்புகளை ஒவ்வொரு நிரலாளரும் தாமே மீளமுயலும் தொல்லையை அது நீக்கியது. கையாளி ஒரு விதிவிலக்கை எழுப்பினால் உறக்கம் கலையும் என்ற மாற்றுவழியும் உண்டு. ஆனால், மாற்றத்தை முன்மொழிந்த பெப் 475 என்ற ஆவணம், இடையறுதலை நம்பியிருக்கும் நிரல்கள் தொங்கிப்போகும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அத்தகைய நிரல்கள் இருப்பதாகத் தாம் நினைக்கவில்லை என்கிறது. இதைத்தான் ஏற்க முடியவில்லை. நம் கண்ணில் படாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிடுவதில்லை. பழைய பெயருக்குப் புதுப்பொருள் கொடுப்பவர்கள், ஒரு பதிப்புக் காலமேனும் முன்னெச்சரிக்கை தரக் கடமைப்பட்டவர்கள்.

வழு தேடுவோருக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் நிரலைத் திருத்தப் புகுமுன், இரு பதிப்புகளிலும் அதை 'எஸ்ட்ரேஸ்' கருவியின் கீழ் ஓட்டிப் பாருங்கள். சமிக்ஞை வந்த வரிக்கு அடுத்த வரிகளை ஒப்பிட்டாலே, மாறியது நிரலா தளமா என்பது தெரிந்துவிடும்.