குளிர் நமக்கு, தாகம் குதிரைக்கு

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் குதிரை இருக்கும் பண்ணைக்குப் போன் மேல் போன் வரும். காரில் சாலையோடு போகிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். "இந்தக் குளிரில் குதிரைகள் திறந்த வெளியில் நிற்கின்றனவே, முதுகெல்லாம் பனி படிந்திருக்கிறதே, உள்ளே கட்டக் கூடாதா?" பண்ணைக்காரம்மா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்வார். முதுகில் விழுந்த பனி உருகாமல் கிடக்கிறது என்றால் உடம்புச் சூடு வெளியே கசியவில்லை என்று அர்த்தம். அது உருகி ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் தென்கிழக்குப் பக்கம் இருக்கிறது இந்தப் பண்ணை. நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் குதிரையை வாங்கி இப்படி ஒரு பண்ணையில் விட்டு மாதாமாதம் பணம் கட்டுவது இங்கே வழக்கம். லாயத்தில் தனி அறை கேட்டால் கட்டணம் அதிகம். மந்தையோடு வெளியில் விட்டால் குறைவு. என் மகளின் பெட்டைக்குதிரை மந்தையில் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் நான் அங்கே லத்தி வாரி, தண்ணீர் நிரப்பி, புல் போட்டுக் கட்டணத்தில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன். அங்கே வந்து போகும் குதிரைக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. குதிரைக்கு அதிகம் கெடுதல் செய்வது பாசக்காரர்கள்தான். நமக்குக் குளிர்ந்தால் அதற்கும் குளிரும், நமக்குப் பச்சைப் புல் அழகாகத் தெரிந்தால் அதற்கு நல்லது என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு பருவத்திலும் இந்த நினைப்பு ஒவ்வொரு மாதிரி தப்பாகப் போகிறது.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். கோடை முடிந்து பகல் குறுகக் குறுகக் குதிரைக்கு மயிர் அடர்த்தியாக முளைக்கிறது. குளிர் தட்டியதும் அந்த மயிர் சிலிர்த்து நின்று, இடையில் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பு தேறிய குதிரை காய்ந்த மயிரோடு, காற்றுக்கு ஒதுங்க இடமும் கிடைத்தால், மைனஸ் 8 அல்லது 10 டிகிரி செல்சியஸ் வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதன்மேல் மெல்லிய கம்பளியைப் போட்டால் சிலிர்த்த மயிர் படிந்துபோய், இருந்த பாதுகாப்பும் போய்விடும். கிழக்குதிரை, இளைத்தது, மயிர் வெட்டியது, வெப்பமான ஊரிலிருந்து புதிதாக வந்தது, இவற்றுக்குக் கம்பளி அவசியம். மற்றவற்றுக்குத் தேவை மூன்று பக்கம் அடைத்த ஒரு கொட்டகை. இங்கே வாடை வடமேற்கிலிருந்து அடிக்கும் என்பதால் கொட்டகையின் வாய் தெற்கு பார்த்திருக்கும். லாயத்துக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துவது இன்னும் மோசம். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியாவும் புல்லின் தூசியும் உள்ளேயே சுற்றி நுரையீரலைக் கெடுக்கும்.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? வயிற்றிலிருந்துதான். குதிரையின் குருட்டுக்குடல் மட்டுமே 30 லிட்டர் அளவு பிடிக்கும். அதிலும் பெருங்குடலிலும் நார்ப்புல் நுண்ணுயிர்களால் புளிக்கும்போது வெப்பம் பிறக்கிறது. அதனால் கடுங்குளிர் இரவில் தானியத்தையும் தவிட்டுக் கஞ்சியையும் கரைத்து ஊற்றுவதைவிட, கூடுதலாக இரண்டு வாரிப் புல் போடுவது எவ்வளவோ மேல். பதினெட்டு டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் தீனியின் சத்து ஒரு சதவீதம் கூட வேண்டும் என்பது இங்குள்ளவர்கள் போடும் கணக்கு. 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸ் நகரில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அந்த மாதிரி வாரங்களில் புல் மலைபோலச் செலவாகும்.

ஆனால் புல் போட்டால் மட்டும் போதாது. என்னைக் கேட்டால், இங்கத்திய குளிர்காலத்தின் உயிர்நாடி தண்ணீர்தான். கோடையில் மேயும் பச்சைப் புல்லில் முக்கால் பங்கு நீர் இருக்கும். குளிர்காலத்துக் காய்ந்த புல்லில் பத்துப் பதினைந்து சதவீதம் இருந்தால் அதிகம். ஆக, குடிக்க வேண்டிய காலத்தில்தான் தொட்டி உறைந்து கிடக்கிறது. 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். பனியை நக்கி அந்தக் கணக்கை ஈடுகட்ட முடியாது. தண்ணீர் குறைந்தால் குடலில் புல் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஏப்பம்கூட விட முடியாது. அந்த வயிற்றுவலி சில மணி நேரத்தில் ஆளை, அதாவது குதிரையை, முடித்துவிடும்.

ஆகவே அங்கே காலை வேலை வாளியில் ஆரம்பிக்கிறது. பண்ணைக்காரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையைத் தொட்டித் தண்ணீரில் விடுவார். விரல் விறைக்காத சூடு இருக்க வேண்டும், ஏழு டிகிரிக்கு மேலே இருந்தால் குதிரை நன்றாகக் குடிக்கும். பிறகு நீர்மட்டத்தைப் பார்ப்பார். நேற்றிரவு விளிம்பு வரை நிரப்பிய தொட்டி காலையில் விளிம்பிலேயே நின்றால் தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயரைச் சந்தேகப்படுவார். மின்கசிவு கொஞ்சம் இருந்தாலும் போதும். ரப்பர் பூட்ஸ் போட்ட நமக்கு ஒன்றும் தெரியாது. ஈரத்தரையில் இரும்பு லாடத்தோடு நிற்கிற குதிரைக்கு மூக்கில் சுரீர் என்று அடிக்கும். ஒருமுறை அடி வாங்கிய குதிரை அந்தத் தொட்டிப் பக்கம் வராது. அதனால் டெஸ்டரை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். அடுத்து லத்தி. எத்தனை குவியல், உருண்டை ஈரமாக இருக்கிறதா, உதிர்கிறதா, பூட்ஸ் முனையால் ஒன்றை உடைத்துப் பார்ப்பார். இதையெல்லாம் முடித்த பிறகுதான் காபி. மாதக் கட்டணத்தை அறைக்கான வாடகை என்று நினைப்பவர்களிடம் எனக்குச் சண்டையே இதில்தான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தவறாமல் பார்க்கிற அந்தக் கண்ணுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

குழாயிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இங்கே நிலம் ஒன்றரை மீட்டர் ஆழம் வரைகூட உறையும். குழாயின் வால்வு அதற்கும் கீழே இருக்கிறது. மூடியதும் மேலே நிற்கும் தண்ணீர் கீழே சரளைக்கல்லுக்குள் வடிந்துவிடும். யாராவது ஹோஸைக் கழற்றாமல் போய்விட்டால் தண்ணீர் வடியாது. காலையில் குழாய் வெடித்திருக்கும்.

மார்ச் கடைசியில் வருவது வசந்தம் என்று காலண்டர் சொல்கிறது. பண்ணையில் அதற்குப் பெயர் சேறு. நிலம் மேலிருந்து இளகுகிறது, அடியில் இன்னும் பாறையாக உறைந்திருக்கிறது, உருகிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. தீனி போடும் இடத்திலும் வாசல்களிலும் துணிவிரிப்புப் போட்டு அதன்மேல் சரளை கொட்டாத பண்ணைகளில் முழங்கால் வரை புதையும். சேற்றில் நின்ற குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்த்தால், அடியில் உள்ள முக்கோண மெத்தையின் பள்ளங்களில் கறுப்பாக ஒரு பிசின், அழுகிய நாற்றம். தினமும் குளம்பைக் கொத்திச் சுத்தம் செய்தால் தானாகவே ஆறும். செய்யாவிட்டால் நொண்டும்.

பாசம் மறுபடி தடுமாறுவது மே மாதத்தில். ஆறு மாதம் காய்ந்த புல்லையே தின்ற குதிரை வேலிக்கு அந்தப் பக்கம் தளதளவென்று புல் வளர்ந்திருப்பதைப் பார்த்துக் கழுத்தை நீட்டும். பார்ப்பவர் மனம் இளகிக் கதவைத் திறந்துவிடுவார். இளம்புல்லில் சர்க்கரை அதிகம், பகலில் வெயிலும் இரவில் உறைகுளிரும் மாறி மாறி வரும் நாட்களில் இன்னும் அதிகம். குடலின் நுண்ணுயிர்கள் அந்தத் திடீர் மாற்றத்தைத் தாங்காது. அதன் விளைவு குளம்பில் வந்து தெரியும். குளம்பு ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் இணைக்கும் மெல்லிய அடுக்குகள் வீங்கிப் பிரிந்துபோகும். அந்த நோய் கண்ட குதிரை முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்காலில் பாரத்தைப் போட்டு நிற்பதை ஒருமுறை பார்த்தவர் பிறகு கதவைத் தொடமாட்டார். புல் ஒரு சாண் வளரும்வரை காத்திருந்து, முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 30 என்று ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பருத்த குதிரைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் வாய்க்கூடை கட்டி விடுகிறார்கள். அது கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் கூடையின் கட்சி.

அதே மாதத்தில் கால்நடை மருத்துவர் வந்து பல்லை ராவிவிட்டு, ரண ஜன்னி, வெறிநாய்க்கடி, மூளைக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ஊசி போட்டுப் போவார். வெஸ்ட் நைல் காய்ச்சல் 2002-ல் இந்த மாநிலத்துக்குள் வந்தது. மனிதருக்கு அதற்கு இன்னும் தடுப்பூசி கிடையாது, குதிரைக்கு இருக்கிறது. கொசு வருமுன் போட்டுவிட வேண்டும்.

ஜூன் மாதம்தான் வருடத்தின் தலைவிதியை எழுதுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து மே நடுவரை ஏழு மாதம், குதிரைக்கு நாளைக்குச் சுமார் 10 கிலோ வீதம் 2 டன்னுக்கு மேல் காய்ந்த புல் வேண்டும். 22 கிலோ கட்டாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 100 கட்டு. இருபது குதிரைக்கு 2,000 கட்டு. அத்தனையையும் மழை விட்ட மூன்று நான்கு நாள் இடைவெளிகளில் அறுத்து, புரட்டி, காயவைத்து, கட்டி, பரணில் ஏற்றியாக வேண்டும். புல்லும் நம்மூரில் குதிரை மசால் என்கிற அல்ஃபால்ஃபாவும் கலந்த வயல் இது. மசால் இலை அதிகம் காய்ந்தால் பொடியாக உதிரும், காயாமல் கட்டினால் வேகும்.

வேகும் என்று சொன்னது நிஜமாகவே. ஈரம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டிய கட்டில் பூஞ்சை வளர்ந்து சூடேற்றும். அப்படி ஏறி ஏறித் தானாகத் தீப்பற்றி எரிந்த கொட்டகைகள் உண்டு. கட்டி அடுக்கிய இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை ஆபத்துக்காலம். அந்த வாரங்களில் நான் பரணேறும்போதே மூக்கை விரித்துக்கொண்டுதான் போவேன், வெல்லப்பாகு கருகுவதுபோல் வாசனை வந்தால் விஷயம் சரியில்லை. நீண்ட இரும்புக் குச்சி முனையில் வெப்பமானி பொருத்தியதை அடுக்கின் நடுவில் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்றால் நிம்மதி. 65 என்றால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 80 என்றால் கட்டை இழுக்கவே கூடாது, காற்றுப் பட்டதும் பிடித்துக்கொள்ளும். தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டுக் குதிரைகளை வெளியே கொண்டுபோக வேண்டும்.

புல்லை மண்ணில் கொட்டிப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் பெரிய உருளைக் கட்டுகளை வைத்துச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். தீனிச்சட்டம் இல்லாமல் தரையில் வைத்தால் 57 சதவீதம் மிதிபட்டு வீணாகிறது. சட்டத்துக்குள் வைத்தால் வகையைப் பொறுத்து 5 முதல் 33 சதவீதம்தான். 2021 வறட்சியில் புல் விலை எகிறியபோது இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது.

ஜூலை, ஆகஸ்டில் ஈ. ஒரு குதிரை நாளைக்குப் போடும் லத்தியும் மூத்திரமும் 23 கிலோவுக்குக் குறையாது. அதை வாரி உரமாக மக்க வைப்பதுதான் ஈக்கு முதல் மருந்து, முகத்துக்குக் கட்டும் வலையெல்லாம் அடுத்தது.

இலையுதிர்காலத்தில் எல்லோரும் காமிரா எடுத்துக்கொண்டு வருவார்கள். சிவப்பு மேப்பிள் மரத்தடியில் குதிரையை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். அதன் வாடிய இலையைத் தின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், குதிரை பிழைப்பது கடினம். எங்கள் வேலி ஓரத்தில் அந்த மரம் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து காற்றில் முறிந்து விழும் கிளையைப் பொறுக்குவதற்கென்றே செப்டம்பரில் ஒரு சுற்று வருவோம்.

அக்டோபரில்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். அதில் ஒரு கேள்வி: குதிரைக்கு வயிற்றுவலி வந்து உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாமா, எவ்வளவு தொகை வரை? பல ஆயிரம் டாலர் ஆகிற காரியம். நிறையப் பேர் அதை வெற்றாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பண்ணைக்காரம்மா படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நடு இரவில் வலியில் புரளும் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போவது அவர்தான். அந்த நேரத்தில் உரிமையாளரின் மனசை ஊகிக்கும் பாரத்தை அவர் தலையில் வைப்பது நியாயமில்லை.

கிழக்குதிரை வைத்திருப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்பார். இந்தக் குளிரை இது தாங்குமா? சென்ற அக்டோபரில் முப்பது வயதைத் தாண்டிய ஓர் ஆண்குதிரையின் உரிமையாளரிடம் கேட்டார். மூட்டுவாதம். பின்னங்கால் மடக்கினால் எழ நேரமாகிறது. கடைவாய்ப்பற்கள் தேய்ந்து, ஊறவைத்த தீனியில் ஓடுகிறது. அந்தப் பெண்மணி ஒரு வாரம் யோசித்துவிட்டு மருத்துவரை வரச்சொன்னார். நிலம் உறையுமுன் குழி தோண்ட முடிகிற நாள், வெயில் இருந்த மதியம், ஊசி போட்டு அனுப்பிவைத்தார்கள். ஊசி மருந்து உடலில் தங்கும், தின்னும் கழுகுக்கும் நரிக்கும் அதுவே விஷம் என்பதால் ஆழமாகப் புதைத்தார்கள்.

இன்னும் புல் தின்றுகொண்டிருந்த ஜீவனை இப்படிச் செய்யலாமா என்று பண்ணையில் சிலர் முணுமுணுத்தார்கள். ஜனவரியின் வழுக்குப் பனிக்கட்டியில் சரிந்து எழ முடியாமல் கிடந்த ஒரு குதிரையை, விடிய விடிய டிராக்டரும் பட்டையும் வைத்துத் தூக்கப் பார்த்த இரவில் நான் கூட இருந்திருக்கிறேன். அது கனைக்கக்கூட இல்லை, வெறுமனே நடுங்கியது. விடியும்போதும் அதே ஊசிதான் போட வேண்டியிருந்தது. அந்தப் பெண்மணி அக்டோபரில் எடுத்த முடிவு சரியான முடிவு. அவரிடமும் அதையே சொன்னேன்.