"ஏன்?" என்று கேட்கட்டும்!

"எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது?"

"நிலா ஏன் நம்முடனேயே வருகிறது?"

நான்கு வயதுக் குழந்தை நாள் முழுவதும் இப்படிக் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த இரண்டு ஆண்டுகளில், பல குழந்தைகளிடம் இந்தக் கேள்விகள் நின்று விடுகின்றன.

காரணம் என்ன? "கையைக் கட்டு! வாயைப் பொத்து!" என்பதுதான் பல வகுப்புகளில் முதல் பாடம்! வாய் திறக்காத பிள்ளையே நல்ல பிள்ளை என்று பெற்றோரும் நினைக்கிறார்கள். இது தவறு.

மிதக்குமா? மூழ்குமா?

ஒரு வாளித் தண்ணீர். இரண்டு ஆரஞ்சுப் பழங்கள். ஒன்று தோலோடு இருக்கிறது. மற்றொன்று உரித்தது. "எது மிதக்கும்?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"உரித்த பழம்தான். அதுதானே எடை குறைவு!" என்கிறார்கள் பிள்ளைகள்.

போட்டுப் பார்த்தால், உரித்த பழம் மூழ்குகிறது! தோலோடு உள்ள பழம் மிதக்கிறது!

உடனே பிள்ளைகள் தோலை எடுத்துப் பார்க்கிறார்கள். பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதியை அமுக்குகிறார்கள். அதற்குள் காற்று அடங்கியிருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள். தாமே கண்டுபிடித்த விடை மனதில் பதிகிறது. விடையை ஆசிரியர் முதலிலேயே சொல்லியிருந்தால், அது இன்னொரு மனப்பாட வரிதான்.

சட்டமும் வகுப்பும்

இது புதிய யோசனை அல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-ம் ஆண்டு 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. பிறகு மாநிலம் முழுவதும் இந்த முறை பரவியது.

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், குழந்தைகள் செய்து பார்த்தும் தேடிக் கண்டறிந்தும் படிக்க வேண்டும் என்கிறது. பயமின்றிப் பேச வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் பாயும் பலகையும் மட்டும் போதாது. "ஏன்?" என்று பிள்ளை கேட்டால், காது கொடுத்துக் கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்த்தால், கேள்விக்கு இடம் ஏது? போதிய ஆசிரியர்களை நியமிப்பது அரசாங்கத்தின் கடமை.

அப்படியானால் எழுத்தும் வாய்ப்பாடும் வேண்டாமா? கட்டாயம் வேண்டும்! கண்டதை எழுத எழுத்து வேண்டும். அளந்து பார்க்கக் கணக்கு வேண்டும்.

வீட்டில்...

"நான் படிக்காதவள். பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று எந்தத் தாயும் தயங்க வேண்டாம். "எனக்கும் தெரியாது. வா, பார்க்கலாம்!" என்று சொன்னால் போதும்.

எறும்பு வரிசையின் குறுக்கே ஈரத் துணியால் ஒரு கோடு துடைக்கச் சொல்லுங்கள். எறும்புகள் வழி தெரியாமல் தடுமாறும். முன்னே போன எறும்பு விட்டுச் சென்ற வாசனையைப் பிடித்துத்தான் பின்னே வருபவை நடக்கின்றன. அதைக் குழந்தை தன் கண்ணாலேயே பார்க்கும்!

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகமும் பொம்மையும் கிடைக்கும். ஏழைப் பிள்ளைக்குக் காசில்லாமல் கிடைக்கும் செல்வம், கேள்வி ஒன்றுதான்.

அதையும் அதட்டிப் பறிக்க வேண்டாம்!