மேடையில கேட்கிற சாட்சி

எங்கட பக்கத்தில 'சாட்சி' என்ற சொல் ரெண்டு இடத்தில புழங்குது. ஒன்று ஆணைக்குழு முன்னால் சொல்வது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு என்று ஒவ்வொன்றாக அமைத்தார்கள். கிழக்கின் பெண்கள் போட்டோவையும் மரணச் சான்றிதழையும் பொலித்தீன் பைக்குள்ள வைத்துக்கொண்டு போய்ச் சாட்சி சொன்னார்கள். மற்றது ஜெபவீட்டுச் சாட்சி. மைக்கைக் கையில் தந்து, "சகோதரி, ஆண்டவர் உங்களுக்குச் செய்த நன்மையச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். முதலாவதைக் கேட்டவர்கள் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டாவதைக் கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். எங்கட கோபம் அந்தக் கைதட்டலில்தான்.

வீரமுனையைத் தெரியாதவர்களுக்கு: சம்மாந்துறையை ஒட்டிய தமிழ்க் கிராமம். 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி, சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த சனத்துக்குள் ஊர்காவல் படையினர் உள்ளிட்ட ஆயுததாரிகள் புகுந்து வெட்டினார்கள், சுட்டார்கள். வருசா வருசம் நினைவேந்தலில் 55 பேர் என்று சொல்லப்படும். அதற்கு முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் கணக்கு வேறு. ஒருவருக்கும் தண்டனை கிடைக்கல்ல.

எங்கட கூட்டத்தில் ஒருத்தியின் பெரியம்மா அந்த ஊர்தான். புருசனையும் தம்பியையும் அந்த வருசம் இழந்தவ. முப்பது வருசமாக விளக்கணைக்காமல் படுக்கிற மனுசி. அயலில ஒரு ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினா. அங்க பாஸ்டரின் மனைவி ஒரு மாசம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்து கேட்டாவாம். முதல் தடவையாக விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தா. இதை நாங்கள் மறைக்கப்போவதில்லை. பக்திக்குத் தூரமான எங்களில் சிலருக்கும் அது பெரிய விசயமாகத்தான் பட்டது.

மறுகா மூன்று நாள் குடும்ப சுகமளிப்பு முகாம் என்று ஒன்று வைத்தார்கள். மூன்றாம் நாள் பெரியம்மாவை மேடைக்கு ஏற்றினார்கள். அவ தயங்கி நின்றபோது, உள்ளறையில் அவ சொன்ன கதையைப் பாஸ்டரே மைக்கில் சொன்னார். தம்பியின் உடம்பை அவ எந்தக் கோலத்தில் கண்டா என்பது உட்பட. அதைப் பெரியம்மா தன்ட மகள்மாருக்கே சொன்னதில்லை. மூத்த மகள் கட்டாரில் வேலை செய்யும் வீட்டில் இருந்து பேஸ்புக் லைவில் அதைக் கேட்டா. கடைசியில் பெரியம்மா, "நான் மன்னிச்சிட்டன்" என்றா. கைதட்டல், அல்லேலூயா, கீபோர்ட். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினவ நாலு நாள் யாரோடும் கதைக்கல்ல. இப்போது விளக்கு மறுபடியும் எரியுது.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் எங்கட பக்கம் சேரப் பார்க்கும்: "பாத்தியளா, மதம் மாத்துறாங்க." அவர்களோடு எங்களுக்கு வேலையில்லை. அந்த மனுசி முப்பது வருசம் தூங்காமல் கிடந்தபோது கோயில் நிர்வாகசபையில் ஒருவர் போய் முற்றத்தில் இருந்தாரா? வருசத்தில் ஒரு நாள் சுடர் ஏற்ற அழைப்பீர்கள், அரசியல்வாதி பேசி முடியும்வரை வெயிலில் நிற்பாட்டி வைப்பீர்கள். மதமாற்றம் என்ற கூச்சல் இந்த நாட்டில் யாருக்கு எதிராகத் திரும்பியது என்பதும் தெரியும்தானே. 2003இல், பாடசாலையும் மருத்துவ சேவையும் நடத்திய மென்சிங்கன் கத்தோலிக்க சகோதரிகளின் சபையைச் சட்டப்படி பதிவு செய்ய வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்றது உயர் நீதிமன்றம். அது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் சொன்னது. நாங்கள் அந்தச் சகோதரிகளின் பக்கம். பெரியம்மா எந்தச் சாமியைக் கும்பிடுறா என்பது அவட விருப்பம்.

எங்கட கேள்வி வேறு. உள்ளறையில் சொன்னது மேடைக்கு எப்படி வந்தது? உளவளத்துணை என்று போர்டு போட்டால், சொன்னதை வெளியே விடாமல் காப்பதுதான் அதன் முதல் கட்டளை. இது கிறிஸ்தவத்துக்கு வெளியே இருந்து வந்து திணிக்கிற சட்டமும் இல்ல. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் சொல்லக்கூடாது என்று கத்தோலிக்கக் குருமார் எத்தனை நூற்றாண்டாகக் கட்டுப்பட்டிருக்கிறார்கள்! உளவியல் முதலுதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு கைநூல் வெளியிட்டது. அதைச் சேர்ந்து வெளியிட்டவர்களில் ஒன்று வேர்ல்ட் விஷன், கிறிஸ்தவ நிறுவனம். கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே, கேட்டதை வெளியே பரப்பாதே என்று அதில் இருக்கு. அப்ப பைபிளைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாத விசயமல்ல. தெரிந்தும் லைவ் போடுகிறார்கள்.

அடுத்தது மன்னிப்பு. "மன்னித்தால்தான் சுகம்" என்று அவசரப்படுத்துகிறவர்கள் தங்கட வேதத்தையே ஒழுங்காக வாசிக்கிறதில்லை என்று எங்களுக்குச் சந்தேகம். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் எல்லாம் பிழைத்தது. பிள்ளைகளை இழந்த ராகேல் ஆறுதலே வேண்டாம் என்று அழுகிறாள். அவளை யாரும் மேடைக்கு இழுக்கவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பிலேயே ஆணித் தழும்பு இருந்தது, தோமாவுக்குக் காட்டினார். பெரியம்மாவின் தழும்பை மட்டும் மூன்று நாளில் அழிக்க ஏன் அவசரம்?

அதோட, யாரை மன்னிக்கிறது? கொன்றவன் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை. பெயரில்லாத இடத்தில் மன்னிப்பு ஒரு சமூகத்தின் மேலே போய் விழுது. அந்த வீடியோவில் பாஸ்டர் ஒரு தடவை அல்ல, பல தடவை 'முஸ்லிம்கள்' என்றார். பெரியம்மா வாழைக்குலை கொண்டுபோய்ப் போடுகிற கடை சம்மாந்துறையில்தான். அந்தக் காக்காவும் வீடியோ பார்த்திருக்கிறார். இருபது வருசம் கொடுத்து வாங்கினவர் இப்போது காசை மட்டும் எண்ணி வைக்கிறார், முகம் பார்க்கிறதில்லை. எங்கட கூட்டத்தில் சம்மாந்துறைப் பிள்ளையும் இருக்கிறா. அதே 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். வீரமுனைக்கு முந்திய இரவு ஏறாவூர். அவட வாப்பாவின் சொந்தக்காரர்கள் அங்கே மௌத்தானார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு அவ கேட்டது ஒன்றுதான்: "எங்கட உம்மாமாருக்கு யாரு மைக் தருவாங்க? தந்தாலும், தமிழாக்கள மன்னிச்சிட்டன் எண்டு சொல்லச் சொல்லுவாங்களா?" யாரிடமும் பதில் இருக்கல்ல.

இதைவிட நல்லாச் செய்ய முடியாதா என்றால், செய்த ஆக்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1996இல், யுத்தத்துக்கு நடுவே, மட்டக்களப்பில் இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகம், கனடாக் கலைஞர் போல் ஹோகனோடு சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். தமிழ், முஸ்லிம் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் வாரத்தில் ஒருநாள் என்று மாதக்கணக்கில் வந்தார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், மிருகங்கள். ஞானஸ்நானம் கேட்கல்ல, மன்னிப்பும் கேட்கல்ல. அவரும் விசுவாசத்தில் நின்றுதான் அதைச் செய்தார், ஆனால் முறையாக உளவியல் படித்திருந்தார், காலம் எடுத்தார். அவருடைய சபைக்கும் இதே காயம் இருந்தது. வீரமுனை நடந்து மூன்றாம் நாள், ஓகஸ்ட் 15, அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹெபியர் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார், கூட வந்த சாரதியோடு. இன்றுவரை காணாமல்தான். காணாமல் போனவர் ஒருவரைத் தங்கட வீட்டிலேயே வைத்திருந்தவர்களுக்கு மூன்று நாள் முகாம் நடத்தத் தோன்றாது.

ஜெபவீட்டுக்காரரிடம் இன்னொரு கணக்கும் இருக்கு. யுத்த காலத்தில் பிள்ளை காணாமல் போன தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கப் போனார்கள். தெய்வம் ஆடுகிறவர் அவர்களோடு சேர்ந்து அழுதார். பொலிசுக்குச் சொல்ல ஒண்ணாததை அங்கே சத்தமாகச் சொல்ல முடிந்தது. கண்ணகி சடங்கின் குளிர்த்தியும் வெக்கையை ஆற்றுகிற வேலைதான். அதையெல்லாம் பேய் வேலை என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, மனம் ஆற எங்களிடம் மட்டும் வா என்றால், இருந்த ஒரு மருந்தையும் பறித்ததாகத்தான் முடியும்.

குடும்பம் சுகமாகணும் என்கிறீர்கள். எங்கட குடும்பம் எப்படி இருக்கு என்று பார்த்தீர்களா? கிழக்கில வீடு மகளுக்குத்தான் எழுதப்படும். தாய், மூத்தவள், இளையவள் எல்லாரும் ஒரே வளவுக்குள்ள, வேலிக்கு வேலி. பொழுதுபட்டால் மகளை வெளியே விடாத பயமும் வீட்டோடு சேர்ந்துதான் கைமாறும். ஏன் பயம் என்று மட்டும் ஒருத்தரும் சொல்றதில்லை. அப்படியானால் அந்தக் கதையை மகள்மாருக்கு எப்போது, எந்தளவு சொல்வது என்பதுதான் முழு வேலையும். சொல்ல வேண்டியது தாய், தன்ட நேரத்தில், தன்ட வாயால். அதைப் பாஸ்டர் மைக்கில் செய்து முடித்தார். இனி அந்த வளவுக்குள் அந்தப் பேச்சைத் தொடங்க பெரியம்மாவுக்கு வழியில்லை.

போன மாசம் நாங்கள் ஐந்து பேர், அதில் ரெண்டு பேர் கிறிஸ்தவர்கள், பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு அந்த ஜெபவீட்டுக்குக் கடிதம் கொடுத்தோம். வீடியோவை எடுக்கணும். வீட்டுக்கு வந்து அவவிடமும் மகள்மாரிடமும் பிழை செய்தோம் என்று சொல்லணும். அரச வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியவர்களை அனுப்பணும், ஜெபம் போதும் என்று மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது. கடிதத்தை வாங்கின பாஸ்டரின் மனைவி கண் கலங்கினா. "நானும் வேணாமெண்டுதான் சொன்னன்" என்று மெதுவாகச் சொன்னா.

வீடியோ இன்னும் கிடக்குது. இதை எழுதும்போது பார்த்தோம், ஆயிரத்து நானூறு லைக்.