அமலா, அருளா? அண்டை வீட்டாரின் பழைய வழக்கு



அம்பத்தூரில் எங்கள் தெருக்கோடியில் வாழ்ந்த கிறிஸ்தவப் பெரியவர் ஒருவர் காலமானார். ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பெருநாள் தோறும் தவறாமல் எங்கள் இல்லம் வந்து வாழ்த்திச் செல்பவர். அடக்க ஆராதனையில் போதகர் ஒரு கருத்தையே திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்: இவர் தம் நற்செயல்களால் அன்று, தேவ கிருபையால் இரட்சிக்கப்பட்டவர்.

வாசலுக்கு வந்ததும், உடன் வந்த என் தங்கை மகன் சற்று உரக்கவே கேட்டான்: "நற்செயலுக்கு மதிப்பில்லை என்றால் எப்படியும் வாழலாம் அல்லவா, மாமா? வசதியான மார்க்கம்தான்!"

இறந்தவரின் மகன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அவர் முகம் வாடியதை நான் கண்டேன். அன்றிரவு மருமகனிடம் நான் கூறியவற்றையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அவன் தொழுகை தவறாத பிள்ளை. அறியாமல் பேசினானே தவிர, கெட்ட எண்ணத்தால் அன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நற்செயல் வேண்டாம் என்று அப்போதகர் சொல்லவில்லை. நற்செயல் இரட்சிப்பின் விலை அன்று, அதன் விளைவு என்பதே அவர்களின் கொள்கை. கடனைத் தள்ளுபடி செய்தவருக்கு நன்றியுடன் உழைப்பது வேறு. உழைத்துக் கடனை அடைத்துவிட்டேன் என்று மார்தட்டுவது வேறு. இந்த அளவுக்கு அவர்களுக்குள் பெரிய பிணக்கு இல்லை. பிணக்கு அதற்கு அடுத்த படியில் உள்ளது. அருளை ஏற்று இறைவன் பக்கம் திரும்புகிறானே மனிதன், அந்தத் திரும்புதல் யாருடைய செயல்? அவனுடையதா, அதுவும் இறைவன் தந்ததா?

ஐந்தாம் நூற்றாண்டில் இவ்வழக்கு மூண்டது. இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா நகரில் ஆயராக இருந்த அகுஸ்தீன், ஆதத்தின் பாவத்தால் மனித விருப்பம் முடமாகிவிட்டது, அருள் முந்திக்கொள்ளாமல் அது எழ இயலாது என்றார். பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த பெலாகியுஸ், இறைவன் கட்டளையிடுவதே மனிதனால் இயலும் என்பதால்தானே என்றார். 418ஆம் ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் கருத்தைத் தள்ளினர். வழக்கு ஓயவில்லை. 1524இல் எராஸ்மஸ் மனித விருப்பத்திற்காக எழுத, மறு ஆண்டே லூதர் அதை மறுத்து எழுதினார். கால்வின் இன்னும் கடுமையாக, யார் மீட்கப்படுவர் என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டது என்றார்.

ஹாலந்தில் இது உயிரையே பலி கொண்டது. விருப்பத்திற்கு இடமளித்த அர்மீனியுஸின் சீடர்களை 1618-19இல் டார்ட் நகரில் கூடிய மன்றம் கண்டித்தது. போதகர்கள் பலர் பதவி இழந்தனர். அவர்களை ஆதரித்த முதுபெரும் அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619இல் தலை வெட்டப்பட்டார். அரசியல் பகையும் அதில் கலந்திருந்தது. இப்படிப்பட்ட சண்டைகளில் அது கலவாத இடம் எது?

கத்தோலிக்கரிடையேயும் டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் இதே பொருள் பற்றி மோதினர். 1598 முதல் ரோமில் நடந்த விசாரணையைப் போப் ஐந்தாம் பவுல் 1607இல் தீர்ப்பு எதுவுமின்றி முடித்து வைத்தார். ஒருவர் மற்றவரைக் குற்றப்படுத்தக் கூடாது என்பதே அவர் இட்ட ஆணை. அவ்விசாரணை முடியுமுன் 1606இல் மதுரை வந்து சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி இயேசு சபையைச் சேர்ந்தவர்.

இனி நம் ஊருக்கு வருவோம். எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட ஆண்ட்ரூஸ் கோயிலைக் கட்டியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள், கால்வினின் வழியினர். இராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் மெதடிஸ்டுகளுடையது. ஜான் வெஸ்லியோ கால்வினின் முன்தீர்மானத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர். இவ்விரு சாராரும் ஆங்கிலிக்கரும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயினர்.

எனக்கு வியப்பளிப்பது இதுதான். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய இணைப்பு முயற்சி நிறைவேற 28 ஆண்டுகள் பிடித்தன. அவ்வளவு காலமும் பெரிதும் இழுத்தடித்தது பேராயர் பதவியும் குருப்பட்டமும் பற்றிய வாதம். ஹாலந்தில் தலை வாங்கிய வழக்கு இங்கே இணைப்புக்குத் தடையாகவில்லை. பொதுவான பழைய விசுவாச அறிக்கைகளை ஏற்றால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். நம்மில் சிறு மஸ்அலாக்களுக்காகத் தனிப் பள்ளிவாசல் கட்டும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

உலக அளவிலும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும், மனிதன் நீதிமானாவது அருளாலேயே என்று கூட்டறிக்கையில் ஒப்பமிட்டனர். 2006இல் மெதடிஸ்டுகளும் அதனுடன் இசைந்தனர்.

இது அவர்களுக்கு மட்டுமே உரிய முடிச்சும் அன்று. பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே சென்றால் இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர். அவர் வழிவந்த வைணவர்களுள் வடகலையார் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தென்கலையார் தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் உவமை காட்டி இதையேதான் விவாதித்தனர். நம்மிடமும் மனிதனுக்குச் சக்தியே இல்லை என்ற ஜபரிய்யாக்களும், செயல் முழுதும் அவனுடையதே என்ற கதரிய்யாக்களும் தோன்றினர். இமாம் அபுல் ஹசன் அல்அஷ்அரீ (ரஹ்) 'கஸ்பு' என்ற சொல்லால் ஒரு நடுவழி காட்டினார்கள்: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக் கொள்பவன் மனிதன். உமையாக்கள் காலத்தில் வாழ்ந்த டமாஸ்கஸ் யோவானின் பெயரால் வழங்கும் ஒரு நூலில் கிறிஸ்தவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் இதைப் பற்றி வாதிடுகின்றனர். அதில் மனித விருப்பத்திற்காகப் பேசுபவர் கிறிஸ்தவர்! என் மருமகனின் கேலிக்கு நேர்மாறு.

வேறுபாட்டையும் மறைக்க வேண்டியதில்லை. ஆதம் (அலை) தவ்பாச் செய்தார்கள், மன்னிக்கப்பட்டார்கள். அவர்களின் பிழை பிள்ளைகளைத் தொடராது என்பது நம் ஈமான். ஆதலால் முடமான விருப்பம் என்ற கேள்வியே நம்மிடம் அந்த வடிவில் எழவில்லை. ஆயினும் எவரையும் அவருடைய அமல் மட்டுமே சுவனத்தில் புகுத்திவிடாது, அல்லாஹ்வின் ரஹ்மத்தே புகுத்தும், தமக்கும் அவ்வாறே என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இதைக் கேட்டதும் மருமகன் தலை குனிந்தான்.

ஒரு வாரம் கழித்து இருவரும் அவ்வீட்டுக்குச் சென்றோம். அவன் முதலில் அந்த மகனிடம் தனியே போய்ப் பேசினான். பெரியவரின் மனைவியார் எங்களை அமரச் செய்தார். கணவரின் முன்னோர் நாகர்கோவில் லண்டன் மிஷனைச் சேர்ந்தவர்கள். இவர் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷன் வழிவந்த குடும்பத்தார். போதகர் சொன்னதைப் பற்றி மரியாதையோடு கேட்டேன்.

"தேவன்தான் என்னைப் பிடித்துக்கொண்டார் என்பார் அவர். நான் கை நீட்டினேனே, அதற்குக் கணக்கில்லையா என்பேன் நான். நாற்பது வருடம் இதே பேச்சுத்தான், பாய்" என்றார் அம்மையார்.

"முடிவில் யார் வென்றது?" என்று மருமகன் கேட்டுவிட்டான்.

"அந்தக் கையைக் கொடுத்தது யார் என்று கேட்டுவிட்டு, காப்பி ஆறுகிறது என்று எழுந்துவிடுவார், தம்பி" என்று கூறி, எங்களுக்கும் காப்பி எடுத்துவர உள்ளே சென்றார்.