வாசலில் ஒரு நிமிடம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் உள்ள பழைய நகர்ப்பகுதியை நடந்து பார்ப்பதே சிறப்பு. ஆயினும், நண்பகல் வெயிலில் நடந்தால் விரைவில் களைத்துப்போவோம். காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். குடையும் குடிநீரும் எடுத்துச் செல்லுங்கள்.

அங்கு நாம் நினைவில் கொள்ள வேண்டியது மற்றொன்றும் உண்டு. 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியில் மக்கள் வாழ்கின்றனர். கடலோரத்தில் தூண்கள்மேல் கட்டப்பட்ட சீனர்களின் படகுத்துறை வீடுகளில் இன்றும் குடும்பங்கள் உள்ளன. பயணிகள் சிலரோ வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கின்றனர். கேட்காமலேயே படம் பிடிக்கின்றனர். நம் வீட்டு வாசலில் முன்பின் அறியாதவர் இவ்வாறு செய்தால் பொறுத்துக்கொள்வோமா?

அனுமதி கேட்க ஒரு நிமிடம் போதும். வெயிலுக்குக் குடையை மறவாதவர்கள் இதையும் மறக்கக்கூடாது என்பதே என் கருத்து.