கையுறை போடாத இளவரசி
டயானா விட்டுச் சென்றது என்ன?

இங்கிலாந்து இளவரசி டயானா 1997-ம் ஆண்டு இறந்தார். அந்த ஆண்டில் பிறந்த குழந்தைகள் இன்று பெரியவர்களாகி, குடும்பம் நடத்துகிறார்கள். ஆனாலும் டயானாவை உலகம் மறக்கவில்லை.

இளவரசிகள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். டயானா மட்டும் ஏன் நினைவில் நிற்கிறார்?

அழகு ஒரு காரணம். அவருடைய பரிதாபமான சாவு இன்னொரு காரணம். இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிறர் தொடப் பயந்தவர்களை அவர் தொட்டார். பிறர் கால் வைக்கப் பயந்த இடத்தில் அவர் நடந்தார்.

அவர் தொடங்கி வைத்த வேலைகளில் ஒன்று இன்று பெரும் சோதனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அவருடைய கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

பாலர் பள்ளியில் வேலை

டயானா 1961-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி பிறந்தார். தந்தை ஸ்பென்சர் என்ற பிரபு. பரம்பரைப் பணக்காரக் குடும்பம்.

வீட்டில் பணம் இருந்தது. நிம்மதி இல்லை. தாயும் தந்தையும் 1969-ல் விவாகரத்து செய்துகொண்டார்கள். அப்போது டயானாவுக்கு வயது 7.

டயானா படிப்பில் கெட்டிக்காரி அல்ல. பரீட்சையில் தேறவில்லை. ஆனால், குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர். லண்டனில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை பார்த்தார். பிரபு வீட்டுப் பெண், பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் பட்டத்து இளவரசர் சார்லஸ் அவரை மணக்க முன்வந்தார். 1981-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. மணமகனுக்கு வயது 32. மணமகளுக்கு 19.

கண்ணைப் பறித்த கல்யாணம்

1981-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் திருமணம் நடந்தது. மணமகள் உடையில் தரையில் புரண்ட பகுதி மட்டும் 25 அடி நீளம்! உலகம் முழுவதும் சுமார் 75 கோடி பேர் டெலிவிஷனில் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள்.

1982-ல் மூத்த மகன் வில்லியம் பிறந்தார். 1984-ல் இளைய மகன் ஹாரி பிறந்தார்.

வெளியே பார்த்தவர்களுக்கு அது சொர்க்கம். உள்ளே கதை வேறு. சார்லசின் மனம் கமிலா என்ற பழைய தோழியிடம் இருந்தது. டயானா உள்ளுக்குள் நொந்தார். சாப்பிடுவதும், சாப்பிட்டதை வாந்தி எடுப்பதுமாக ஒரு நோய் அவரைப் பிடித்துக்கொண்டது.

1992-ம் ஆண்டு டிசம்பரில், இருவரும் பிரிந்து வாழப் போவதாகப் பிரதம மந்திரி ஜான் மேஜர் பார்லிமெண்டில் அறிவித்தார். 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி விவாகரத்து முடிந்தது. மாட்சிமை பொருந்திய அரச பட்டம் டயானாவிடம் இருந்து போய்விட்டது.

பட்டம் போனது, பெயர் போகவில்லை. அதற்குள் அவர் வேறு ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருந்தார்.

ஒரு கைகுலுக்கல்

1987-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். எய்ட்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த காலம். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நோய் வந்தவனைப் பெற்றோரே ஒதுக்கினார்கள். அவன் குடித்த டம்ளரைக்கூடத் தூக்கி எறிந்தார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு திறக்கப்பட்டது. திறந்து வைக்க டயானா வந்தார்.

அரண்மனைப் பெண்கள் வெளியே போகும்போது கையுறை போடுவது வழக்கம். டயானா அன்று கையுறை போடவில்லை. வெறும் கையால் ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் படம் உலகம் முழுவதும் பத்திரிகைகளில் வெளிவந்தது. படத்தில் நோயாளியின் முகம் தெரியவில்லை. ஆனால், இரண்டு கைகளும் தெரிந்தன. டாக்டர்கள் பலமுறை சொல்லியும் ஜனங்கள் மனதில் ஏறாத ஒரு செய்தி, அந்த ஒரு படத்தில் ஏறியது: எய்ட்ஸ் நோயாளியைத் தொட்டால் நோய் ஒட்டாது.

தொழுநோயாளிகளிடமும் அவர் அப்படியே நடந்துகொண்டார். 1989-ல் இந்தோனேசியாவில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். நோயாளிகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசினார். 1993-ல் நேபாளத்திலும் அப்படியே செய்தார்.

1992-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் இந்தியாவுக்கு வந்தார். தாஜ்மகால் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த அவருடைய படம் பிரபலமானது. கணவர் பக்கத்தில் இல்லை. அந்தப் பயணத்தில் அவர் கல்கத்தாவுக்கும் போய், அன்னை தெரசாவின் இல்லத்தில் நோயாளிகளைப் பார்த்தார். ஊர் பேசியதெல்லாம் தாஜ்மகால் படத்தைப் பற்றித்தான். இல்லத்தில் படுத்திருந்தவர்களுக்கு மறக்காதது வேறாக இருந்திருக்கும்.

குறையும் உண்டு

டயானாவைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவரும் மனுஷிதான்.

பத்திரிகைக்காரர்கள் தன்னைத் துரத்துகிறார்கள் என்று வருந்தினார். ஆனால், வேண்டியபோது பத்திரிகைகளைப் பயன்படுத்திக்கொள்ளவும் அவருக்குத் தெரியும். 1992-ல் வெளிவந்த ஒரு புத்தகத்துக்கு ரகசியமாகத் தகவல் கொடுத்தார். 1995-ம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. டெலிவிஷனில் குடும்ப விவகாரத்தைப் பேசினார். தானும் வேறு ஒருவரிடம் அன்பு வைத்ததை அதில் ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தில் மட்டும் 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அந்தப் பேட்டிக்குப் பின்னால் ஒரு மோசடி இருந்தது. பேட்டி எடுத்த நிருபர் போலியான பாங்கிக் கணக்குகளைத் தயாரித்துக் காட்டி, டயானாவின் தம்பியை நம்ப வைத்து, அவர் மூலமாக டயானாவை அணுகினார். இது 2021-ல் நடந்த விசாரணையில் தெரிந்தது. பி.பி.சி. மன்னிப்புக் கேட்டது. டயானா இறந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆன பிறகு!

கண்ணிவெடி நிலத்தில்

டயானாவின் பொதுவாழ்வில் மிகப் பெரிய நாள் எது? 1997-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி என்று சொல்லலாம்.

ஆப்பிரிக்காவில் அங்கோலா என்று ஒரு நாடு. பல ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்த நாடு. அங்கே மண்ணுக்குள் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தன.

கண்ணிவெடி எப்படிப்பட்டது? மண்ணுக்குள் மறைந்திருக்கும். கால் பட்டால் வெடிக்கும். மிதித்தவன் படைவீரனா, தண்ணீர் எடுக்கப் போன பெண்ணா, மாடு மேய்க்கும் பையனா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்து வீரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கண்ணிவெடி போகாது. 20, 30 ஆண்டுகள் ஆனாலும் காத்துக்கொண்டே இருக்கும்.

அங்கோலாவில் ஹுவாம்போ என்ற ஊரில், டயானா தலையில் முகக் கவசமும் மார்பில் குண்டு துளைக்காத உடையும் அணிந்துகொண்டார். கண்ணிவெடி எடுக்கும் 'ஹேலோ டிரஸ்ட்' ஆட்கள் சுத்தப்படுத்தி வைத்த குறுகிய பாதையில் நடந்தார். இரண்டு பக்கமும் ஆபத்து. சில போட்டோக்காரர்களுக்குப் படம் சரியாகக் கிடைக்கவில்லை. அவர்களுக்காக இன்னொரு முறை நடந்தார்.

தன்னைத் துரத்திய காமிராக்களை, காலை இழந்த குழந்தைகளின் பக்கம் திருப்பிவிட்டார். இதுதான் டயானா செய்த கெட்டிக்காரத்தனம்.

இங்கிலாந்தில் ஒரு துணை மந்திரி கோபப்பட்டார். அரசாங்கத்தின் கொள்கை தெரியாமல் டயானா பேசுகிறார் என்று குறை சொன்னார். ஜனங்கள் டயானா பக்கம் நின்றார்கள்.

பாரிஸ் நகரத்தில் சாவு

அதே ஆண்டு ஜூன் மாதம், டயானா தன்னுடைய 79 உடைகளை நியூயார்க் நகரில் ஏலத்தில் விற்றார். அது மூத்த மகன் வில்லியம் சொன்ன யோசனை. 30 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. புற்றுநோய், எய்ட்ஸ் தர்ம காரியங்களுக்குப் பணம் போயிற்று. ஆகஸ்டு மாதம் போஸ்னியா நாட்டுக்குப் போய், கண்ணிவெடியில் அடிபட்டவர்களைப் பார்த்தார்.

ஆகஸ்டு 31-ந் தேதி அதிகாலை. பாரிஸ் நகரில் ஒரு சுரங்கப் பாதையில் டயானா போன கார் தூணில் மோதியது. நண்பர் டோடியும் டிரைவரும் அந்த இடத்திலேயே இறந்தார்கள். டயானா ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார். வயது 36.

சதி என்றார்கள்; கொலை என்றார்கள். லண்டன் போலீசார் விரிவாக விசாரித்தார்கள். சதி எதுவும் இல்லை என்றார்கள். 2008-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். டிரைவர் குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓட்டியதும், போட்டோக்காரர்கள் வண்டிகளில் துரத்தியதும் சாவுக்குக் காரணம் என்றார்கள். டயானா சீட் பெல்ட் போடவில்லை என்பதையும் குறிப்பிட்டார்கள்.

லண்டன் அரண்மனை வாசல்களில் பூக்கள் மலை போலக் குவிந்தன. புதிதாகப் பதவிக்கு வந்த பிரதம மந்திரி டோனி பிளேர், "மக்களின் இளவரசி" என்றார். எலிசபெத் மகாராணி ஸ்காட்லாந்தில் இருந்தார். "எங்கள் ராணி எங்கே? அரண்மனையில் ஏன் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவில்லை?" என்று ஜனங்கள் கேட்டார்கள். மகாராணி லண்டனுக்குத் திரும்பி வந்து டெலிவிஷனில் பேசினார். வழக்கத்தை மாற்றிக் கொடியும் அரைக்கம்பத்தில் பறந்தது. ஜனங்களின் கண்ணீருக்கு முன் அரண்மனைச் சம்பிரதாயம் வளைந்து கொடுத்தது.

செப்டம்பர் 6-ந் தேதி இறுதி ஊர்வலம். 15 வயது வில்லியமும் 12 வயது ஹாரியும் தாயின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். பார்த்தவர்கள் கலங்கினார்கள்.

சாவுக்குப் பிறகு வெற்றி

1997-ம் ஆண்டு டிசம்பரில், கனடா நாட்டின் ஒட்டாவா நகரில் நாடுகள் கூடின. மனிதர்களைக் கொல்லும் கண்ணிவெடிகளைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. இங்கிலாந்தும் போட்டது. காலப்போக்கில் 160-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன.

இந்த வெற்றி டயானா ஒருவருடையது அல்ல. 1992-ல் இருந்தே பலர் பாடுபட்டு வந்தார்கள். அவர்களுடைய இயக்கத்துக்குத்தான் 1997-ம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆனால், அறிக்கைகளில் இருந்த விஷயத்தை வீட்டுக்கு வீடு பேசவைத்தவர் டயானா.

2019-ல் இளைய மகன் ஹாரி அதே ஹுவாம்போவுக்குப் போனார். தாய் நடந்த கண்ணிவெடி நிலம் இப்போது தெருவாகிவிட்டது. வீடுகள் இருந்தன. பள்ளிக்கூடம் இருந்தது.

நமக்குப் பக்கத்தில்

இது எங்கோ தூர தேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் துயரம் நன்றாகத் தெரியும்.

அங்கே 2009-ல் போர் முடிந்தது. முகமாலை போன்ற இடங்களில் மண்ணெல்லாம் கண்ணிவெடி. அதே ஹேலோ டிரஸ்ட் அங்கேயும் வேலை செய்தது. தமிழ்ப் பெண்கள் பலர் அந்த வேலையில் சேர்ந்தார்கள். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி, வெடியை எடுத்தார்கள். இலங்கை 2017-ல் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

அமெரிக்கா, ரஷியா, சீனா ஆகிய பெரிய நாடுகள் சேரவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் சேரவில்லை.

பின்னால் திரும்பும் கால்கள்

இப்போது சோதனை வந்திருக்கிறது.

2022-ல் ரஷியா உக்ரைனுக்குள் பெரும் படையோடு புகுந்தது. அந்த நாட்டு வயல்களில் கண்ணிவெடிகள் நிறைந்தன. பக்கத்து நாடுகளைப் பயம் பிடித்தது. 2025-ல் லாட்வியா, லித்துவேனியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய 5 நாடுகளும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இருந்து விலக முடிவு செய்தன. உக்ரைனும் விலகும் முடிவை அறிவித்தது.

"எதிரி கண்ணிவெடி வைக்கிறான். நாங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?" என்பது அவர்கள் வாதம். வலிய அண்டை வீட்டுக்காரனுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன் பயப்படுவதைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது.

ஆனால், கணக்கையும் பார்க்க வேண்டும். 2023-ம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 5,757 பேர் இறந்தார்கள் அல்லது காயம் அடைந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் சாதாரண ஜனங்கள். புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும், அவர்களுடைய பேரன் பேத்திகள் மிதிப்பார்கள். எல்லையைக் காக்கப் புதைத்த வெடி, சொந்த நாட்டுப் பிள்ளையின் காலை எடுக்கும்.

எது அவருடைய சொத்து?

லண்டனில் கென்சிங்டன் அரண்மனைத் தோட்டத்தில் 2021-ல் டயானாவுக்குச் சிலை வைத்தார்கள். அவருடைய நீலக்கல் மோதிரம் மருமகள் கேட் விரலில் இருக்கிறது. கமிலா ராணியாகிவிட்டார். சார்லஸ் 2022-ல் மன்னரானார். ஒன்றாகச் சவப்பெட்டியின் பின்னால் நடந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் மனஸ்தாபம் ஏற்பட்டு, ஊரே பேசியது. பத்திரிகைகளுக்கு இவைதான் பெரிய செய்தி.

டயானாவின் உண்மையான சொத்து வேறு இடத்தில் இருக்கிறது. எய்ட்ஸ் நோயாளியின் கையைப் பயமில்லாமல் பிடிக்கும் நர்சிடம் இருக்கிறது. ஹுவாம்போ பள்ளிக்கு ஓடிப்போகும் பிள்ளையின் இரண்டு கால்களில் இருக்கிறது.

பயந்த நாடுகள் இப்போது மறுபடியும் மண்ணைத் தோண்டத் துணிந்துவிட்டன. அந்த மண்ணில் நடந்து காட்ட இன்று டயானா இல்லை. அவர் எடுத்துக் கொடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு அந்த நாடுகள் முடிவு செய்யட்டும்.