மண் வயனமும் ரகமும்

சென்ற பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 18 பேரை அழைத்துக்கொண்டு கப்பலூரைச் சுற்றி நடந்தோம். ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. கூட்டத்துக்கு இரண்டு மண்வெட்டி. நமக்கு ஒரு குடை.

மதுரையிலிருந்து தெற்கே திருமங்கலத்துக்குப் போகிறவர்கள் கப்பலூரைப் பார்த்திருப்பார்கள். பார்த்திருப்பார்கள் என்பதைவிடக் கடந்திருப்பார்கள் என்பதே பொருந்தும். பஞ்சாலை, தொழிற்பேட்டை, நால்வழிச் சாலை, சுங்கச் சாவடி, உத்தங்குடியிலிருந்து நகரைச் சுற்றி வரும் ரஸ்தா வந்து சேரும் முனை எல்லாம் இங்கே இருக்கின்றன. பக்கத்துத் தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரக் கல் நாட்டியது முதல், நிலத்தின் விலையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. விலை என்ன என்று கேட்டால் டீக்கடையிலேயே பதில் கிடைக்கும். மண் என்ன மண் என்று கேட்டால், வயதான சம்சாரி ஒருவரைத் தேடிக்கொண்டு போகவேண்டும்.

பள்ளமான ஒரு புஞ்சையில் கரிசல் வெடித்துக் கிடந்தது. பையன் ஒருவன் தன் ஒரு அடி ஸ்கேலை வெடிப்புக்குள் விட்டான். அது முழுதும் இறங்கிக் கண்ணுக்கு மறைந்தது. அதை மீட்பதிலேயே அரை மணி நேரம் போயிற்று. அந்தப் புலத்தின் ஓரத்தில் மஞ்சள் சாயம் பூசிய மனைக் கற்கள் வரிசையாக நின்றன. “உடனே வீடு கட்டலாம்” என்று ஒரு பலகையும் நின்றது. பலகைக்கு நேர் கீழே பூமி மூன்று விரற்கடை அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

நம் நண்பர் ஒருவர், அவரும் உபாத்தியாயர்தாம், சில வருஷங்களுக்கு முன் இத்தகைய கரிசல் மனையொன்றில் வீடு கட்டினார். முதல் மழைக்காலத்தில் வாசற்கதவு மூட மறுத்தது. தச்சரை அழைத்து இழைக்கச் செய்தார். கோடையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பல்லி நுழையும் சந்து விழுந்தது. மூன்றாம் வருஷம் சமையலறைச் சுவரில் மூலைவாட்டமாக ஒரு விரிசல் ஓடிற்று. அவர் கொத்தனாரைக் குறை சொன்னார். கொத்தனார் சிமெண்டைக் குறை சொன்னார். சேமித்த பணமெல்லாம் அந்தச் சுவர்களில் இருக்கிறது. மண்ணை மட்டும் இருவரும் குறை சொல்லவில்லை. சொன்னாலும் நியாயமாகாது, கரிசல் தன் சுபாவப்படியே நடந்துகொண்டது.

அந்தச் சுபாவம் என்ன? கரிசலில் இருக்கும் களி, நீரைத் தன் நுண்ணிய அடுக்குகளுக்குள் வாங்கி உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சம்சாரிக்கு இது வரப்பிரசாதம். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த மழையை அது தை, மாசி வரையில் வைத்திருந்து, பருத்திக்கும் சோளத்துக்கும் மல்லிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. வெடிப்பு வழியாக மேல்மண் உள்ளே உதிர்வதால், தன்னைத் தானே உழுதுகொள்ளும் மண் என்றும் சொல்வார்கள். ஆனால் உழுதுகொள்ளும் பூமியின் மேல் சுவர் எப்படி அசையாமல் நிற்கும்? நிற்க வைக்க வழியில்லாமலில்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ்போல் அகன்ற தூண்களை ஆழமாக இறக்கும் முறையைக் கரிசலுக்கென்றே வகுத்திருக்கிறார்கள். சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே பருவ மாறுதலால் மண் அவ்வளவாக அசைவதில்லை என்பது அதன் அடிப்படை. தொழிற்சாலை முதலாளிக்கு இந்தச் செலவு தாங்கும். உபாத்தியாயருக்குத் தாங்காது, முன்கூட்டி அவருக்குச் சொல்லவும் ஆளில்லை.

அதே ஊரில், சற்று மேடான இடத்தில் தோண்டினால் செம்மண். கறுப்பும் சிவப்பும் இப்படி அடுத்தடுத்து இருப்பது தற்செயலன்று. நம் பிரதேசத்தின் அடித்தளம் மிகப் பழைய படிகப் பாறை. திருப்பரங்குன்றம், பசுமலை, நாகமலை எல்லாம் அது தலைநீட்டும் இடங்கள். பாறை சிதையும்போது மேட்டில் நீர் வடிந்துவிடுவதால் இரும்புச் சத்து தங்கிச் சிவக்கிறது. வடிந்த நீரும் அது கரைத்த சுண்ணாம்பும் பள்ளத்தில் தேங்கிக் களியாகிக் கறுக்கின்றன. கரிசலுக்கு அடியில் சுக்கான் கல் அகப்படுவதற்கும் காரணம் இதுவே. மேட்டுச் செம்மண்ணும் ஒரே தினுசல்ல. ஆழமாகவும் வடிகாலோடும் உள்ள இடத்தில் மல்லிகை செழிக்கிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நேயர்கள் அறிவார்கள். ஆழமில்லாமல், ஒரு முழத்தில் சரளையும் பாறையும் தட்டும் இடத்தில் மல்லிகை வராது. ஆனால் வீட்டுக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் வேறில்லை.

ஆகவே ஒரு கிராமத்துக்குள்ளேயே, இங்கே வீடு, இங்கே பருத்தி, இங்கே பூந்தோட்டம் என்று பூமி தானே பிரித்து வைத்திருக்கிறது. நாமோ சாலைக்கு எத்தனை தூரம் என்ற ஒரே கணக்கில் அதைப் பிரிக்கிறோம்.

விவரம் இல்லாமலா இப்படி? இருக்கிறது. கிராமக் கணக்கில் ‘அ’ பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், விஸ்தீரணம், தீர்வை இவற்றோடு அதில் “மண் வயனமும் ரகமும்” என்று ஒரு கட்டமும், “மண் தரம்” என்று ஒரு கட்டமும் இருக்கும். வெள்ளைக்கார சர்க்கார் ரயத்துவாரி ஜமாபந்திக்காக ஒவ்வொரு புலத்தின் மண்ணையும் வகுத்து எழுதிவைத்த வழக்கம் அது. எவ்வளவு வரி பிடுங்கலாம் என்பதே அவர்கள் கவலை. ஆனாலும் புலம் புலமாகப் பார்த்துத்தான் எழுதினார்கள். இன்று மனை வாங்குகிறவர் பட்டாவில் பெயரைப் பார்க்கிறார், வில்லங்கம் பார்க்கிறார்; நாமறிந்த வரையில் அந்தக் கட்டத்தைப் பார்த்தவர் ஒருவருமில்லை. நஞ்சையா புஞ்சையா என்பதோடு பேச்சு முடிகிறது. நஞ்சை, புஞ்சை என்பவை பாசனத்தைச் சொல்லும் சொற்கள், மண்ணைச் சொல்வனவல்ல. முதல்தரக் கரிசலும் வெறும் சரளையும் புஞ்சை என்ற ஒரே போர்வைக்குள் படுத்துக்கொள்கின்றன.

பூகர்ப்ப விவரமும் புதிதன்று. புரூஸ் ஃபுட் என்பார் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பாறைகளை ஆராய்ந்து எழுதியது 1883-இல் வெளியாயிற்று. 1976-இல் நாகபுரியில் ஏற்பட்ட தேசிய மண் ஆய்வு நிலையம் நாடு முழுவதற்கும் 1:2,50,000 அளவில் மண் படம் தயாரித்தது. அதில் ஒரு சென்டிமீட்டர் இரண்டரை கிலோமீட்டர். கப்பலூர் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் மறைந்துவிடும். 2015-இல் ஆரம்பித்த மண்வள அட்டை புலத்துக்கு அருகில் வருகிறது. தழை, மணி, சாம்பல் முதலாகப் பன்னிரண்டு குணங்களைச் சொல்கிறது. எந்த உரம் என்று அது சொல்லும். எத்தனை ஆழம், எவ்வளவு களி, நீர் வடியுமா என்று சொல்லாது. நமக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவே: நூறு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகும் 1:10,000 படம். நாகபுரி நிலையத்தார் அந்த அளவிலும் வேலை தொடங்கியிருக்கிறார்கள். அப்படம் கிராம சபையின் சுவரில் தொங்கவேண்டும் என்பது நம் ஆசை.

ஒரே படத்தை மட்டும் விரித்துவைத்துத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை, நம் ஜில்லாவின் வடகிழக்கில், மேலூர் தாலூகாவில் சமீபத்தில் கண்டோம். அங்கே பாறையில் டங்ஸ்டன் தாது இருப்பதாகப் பூகர்ப்ப ஆய்வு சொல்லிற்று. சுமார் 5,000 ஏக்கர் கொண்ட நாயக்கர்பட்டி வட்டாரத்தை மத்திய சர்க்கார் ஏலத்தில் விட்டு, 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தனர். தாதுப் படம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த எல்லைக்குள்ளேயே, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிப் பகுதி இருந்தது. குன்றுகளிலிருந்து நீர் வாங்கும் கண்மாய்களும் இருந்தன. சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அம்மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தாயிற்று. கல்லின் படத்தோடு மண், நீர், உயிர் ஆகியவற்றின் படங்களையும் முதலிலேயே ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பார்த்திருந்தால், அத்தனை பேரும் அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் படமெல்லாம் பெரிய நிபுணர் வேலை என்று நேயர்கள் எண்ணலாம். முழுதும் அப்படியன்று. 1930-களில் இங்கிலாந்தில் டட்லி ஸ்டாம்ப் என்ற பேராசிரியர், அதற்குமுன் ரங்கூன் சர்வகலாசாலையில் இருந்தவர், தேசம் முழுதும் எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது என்று படம் எடுத்தார். வயல் வயலாகப் போய்க் குறித்தவர்களில் மிகப் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். யுத்தம் வந்து உணவு கப்பலேறி வருவது குறைந்தபோது, எந்தப் புல்வெளியை உழலாம் என்று தெரிந்துகொள்ள அந்தப் படங்கள் உதவின. நல்ல விளைநிலத்தைக் கட்டடங்களுக்கு விட்டுவிடக் கூடாதென்று 1942-இல் யோசனை கூறிய கமிட்டியிலும் அவர் இருந்தார். நம் 18 பேரும் ஏதோ விளையாட்டுக்குப் போனதாக நினைத்த தலைமையாசிரியருக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினோம்.

நிற்க. குப்பிகளின் செய்தியைச் சொல்லவில்லையே! மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி, வகுப்பு ஜன்னலில் வரிசையாக வைத்தோம். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொண்டது. மேட்டுச் சரளைக் குப்பிகள் மாலைக்குள் ஓரளவு தெளிந்துவிட்டன. கரிசல் குப்பிகள் செவ்வாய்க்கிழமையும் மை கரைத்தாற்போல் இருந்தன. பிள்ளைகள் ஒவ்வொரு அடுக்கையும் ஸ்கேலால் அளந்து, கிராமப் படத்தில் அந்தந்தப் புல எண்ணில் சிவப்பும் கறுப்பும் தீட்டினார்கள். ‘அ’ பதிவேட்டின் நகலோடு ஒத்துப் பார்த்ததில், பெரும்பாலான புலங்களில் பொருந்தி வந்தது.

மிகக் கறுப்பான குப்பியைக் கொண்டுவந்தவள் ஒரு பெண். “இது எங்கள் புஞ்சை, சார். அப்பா விலை பேசிக்கொண்டிருக்கிறார்” என்றாள். எவ்வளவுக்கு என்று நாம் கேட்கவில்லை. குப்பியை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று அவள்தான் கேட்டாள். மூடியை இறுக்கிக் கொடுத்தனுப்பினோம்.